சேம்பர் ஆர்கெஸ்ட்ராவின் வரும் சீசன்: ஆறு கச்சேரிகளில் எந்த மூன்றுக்குப் போவது?

புதுச்செவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேற்கத்தியச் செவ்வியல் இசையைப் பதினைந்து ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஆனால் எனக்கு இருப்பது முழுக்க முழுக்க ஒலிப்பதிவுகள் தந்த கேள்வி ஞானம்தான். அதிலும் மாலர், புரூக்னர் போன்றோரின் பெரிய சிம்பொனிகளில்தான் மனம் அதிகம் தோய்ந்திருக்கிறது. இப்போது முதன்முறையாக ஒரு சேம்பர் ஆர்கெஸ்ட்ராவின் வரும் சீசனுக்குச் சீட்டு வாங்க எண்ணியிருக்கிறேன். சிறிய இசைக்குழுவான அதில் வயலின், அதைவிடப் பெரிதாகித் தாழ்ந்த குரல் தரும் வயோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகிய தந்தி வாத்தியக் கலைஞர்கள் 23 பேர் இருக்கிறார்கள். ஓபோ, பஸூன், ஹார்ன் போன்ற காற்று வாத்தியக்காரர்கள் தேவைக்கு ஏற்பச் சேர்ந்துகொள்கிறார்கள். கோலசைத்து இசையை நடத்தும் கண்டக்டர் தனியாகக் கிடையாது. முதல் வயலின் கலைஞரே தாமும் வாசித்தபடி குழுவை நடத்திச் செல்கிறார்.

சீசனில் மொத்தம் ஆறு கச்சேரிகள். முதல் கச்சேரியில் பாக்கின் மூன்றாம் பிராண்டன்பர்க் கன்செர்ட்டோ, மெண்டல்சன் சிறுவயதில் தந்திகளுக்கு மட்டும் எழுதிய சிம்பொனிகளில் பத்தாவது, சாய்கோவ்ஸ்கியின் தந்திகளுக்கான செரினேட் ஆகியவை இருக்கின்றன. இரண்டாவதில் ஒரு செல்லோ தனித்து நின்று குழுவோடு வாசிக்கும் ஹைடனின் சி மேஜர் செல்லோ கன்செர்ட்டோ, மொசார்ட்டின் 29ஆம் சிம்பொனி, பிறகு ஹைடனின் 45ஆம் சிம்பொனி. மூன்றாவது முழுவதும் விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’. நான்காவதில் ஆர்வோ பேர்ட்டின் ‘கேன்டஸ்’, பிரிட்டனின் ‘சிம்பிள் சிம்பொனி’, ஷோஸ்டகோவிச்சின் சேம்பர் சிம்பொனி. ஐந்தாவதில் வாக்னரின் ‘சீக்ஃபிரீட் இடில்’, கோப்லாண்டின் ‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’. கடைசிக் கச்சேரியில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘மெட்டமார்ஃபோசன்’, இடைவேளைக்குப் பிறகு பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனியான ‘எரோயிகா’.

என் வேலை நேரம் மாறி மாறி வருவதால் மூன்று மாலைகளுக்குமேல் ஒதுக்க இயலாது. பழக்கமான படைப்புகள் என்பதால் முதலாவது, மூன்றாவது, ஆறாவது ஆகியவற்றை நோக்கியே மனம் போகிறது. ஆனால் ஒரு தயக்கமும் இருக்கிறது. பெரிய ஆர்கெஸ்ட்ராவின் முழக்கத்தில் ‘எரோயிகா’வைக் கேட்டுப் பழகிய காதுக்கு, நாற்பது பேருக்கும் குறைவான ஒரு குழு அதை வாசிப்பது கடலைக் குடத்தில் அடைத்தாற்போல் இருக்குமோ என்று அஞ்சுகிறேன். இந்த மூன்று தேர்வுகள் சரிதானா, எங்கே உட்காருவது நல்லது, முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு போக வேண்டுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நான்காம் ஸ்டாண்ட் எழுதியது:

வணக்கம் நண்பரே. ஒரு சிறிய குழுவில் பல ஆண்டுகள் வயோலா வாசித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இசையமைப்பாளரின் புகழையோ படைப்பின் பழக்கத்தையோ அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். ஆட்கள் குறைவாக இருப்பதையே பொருளாகக் கொண்ட படைப்புகள் எவை என்று பாருங்கள். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் பதினாறு பேர் ஒரே வயலின் வரியை வாசிக்கும்போது, ஒருவருடைய வில் சற்றுப் பிந்தினாலும் மற்றவர்களின் ஒலி அதை மூடிவிடும். ஐந்தாறு பேர் மட்டும் வாசிக்கும் இடத்தில் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. அந்த வெளிப்படைத் தன்மையை அறிந்து, அதற்காகவே எழுதப்பட்ட இசையை நேரில் கேட்பது ஒரு தனி அனுபவம். அதை ஹெட்ஃபோன் உங்களுக்குத் தராது.

அந்த வகையில் நீங்கள் விட்டுவிட நினைக்கும் இரண்டாவது கச்சேரியைத்தான் நான் முதலில் வைப்பேன். ஹைடன் 1761 முதல் எஸ்டர்ஹாசி குடும்பத்தின் அரண்மனையில் பணியாற்றியவர். 1772இல் இளவரசர் தம் கோடைகால மாளிகையான எஸ்டர்ஹாசாவில் வழக்கத்தைவிட நெடுநாள் தங்கிவிட்டதால், குடும்பங்களை ஐசன்ஸ்டாட்டில் விட்டுவிட்டு வந்திருந்த வாத்தியக் கலைஞர்கள் ஊர் திரும்ப முடியாமல் தவித்தார்கள். அந்த ஏக்கத்தை இளவரசரிடம் வாயால் சொல்லாமல் இசையால் சொல்ல ஹைடன் எழுதியதுதான் 45ஆம் சிம்பொனி என்பது வழிவழியாக வரும் செய்தி. கடைசிப் பகுதி வேகமாக ஓடி முடியப்போகிறது என்று நாம் எண்ணும் தறுவாயில் இசை நின்று, மெதுவான வேறொரு பகுதி தொடங்குகிறது. அதில் முதல் ஓபோவும் இரண்டாம் ஹார்னும் தங்கள் வரியை முடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். பிறகு பஸூன், அதன்பின் மீதி ஓபோவும் ஹார்னும், டபுள் பாஸ், செல்லோ என்று ஒவ்வொருவராகத் தம் முன்னிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு வெளியேற, இறுதியில் ஒலி அடக்கிய இரண்டு வயலின்கள் மட்டுமே எஞ்சுகின்றன. மறுநாளே அரண்மனைக் கூட்டம் முழுவதும் புறப்பட்டுவிட்டதாம்.

ஒலிப்பதிவில் இது ஒலி தேய்ந்து மறைவதாக மட்டுமே கேட்கும். மேடையில் நடப்பது வேறு. வயோலாக்கள் எழும் முறை ஏறக்குறைய கடைசியில் வருகிறது. நாங்கள் முதன்முதலாக இதை ஒத்திகை பார்த்த நாளில் நான் எழுந்தபோது என் நாற்காலி தரையில் உராய்ந்து கிறீச்சிட்டது. அந்த ஒரு சத்தம் எஞ்சியிருந்த வயலின்களின் இரண்டு வரிகளை அப்படியே விழுங்கிவிட்டது. அன்று மாலையே எல்லா நாற்காலிகளின் கால்களிலும் துணி சுற்றிக் கட்டினோம். தோல் செருப்பை விட்டு மென்மையான காலணிக்கு மாறினோம். கச்சேரியன்று நான் திரைக்குப் பின்னே போய் நின்றபோது, முன்பே வெளியேறியிருந்த எல்லோரும் அங்கே இருட்டில் வாத்தியத்தை நெஞ்சோடு அணைத்தபடி, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு அந்த இரண்டு வயலின்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னக் குழு என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அங்கேதான்.

அதே மாலையில் வரும் செல்லோ கன்செர்ட்டோவும் அரியது. அப்படி ஒன்று இருந்ததென்பது ஹைடன் தம் படைப்புகளுக்கு வைத்திருந்த பட்டியலில் குறித்த தொடக்க வரியால் மட்டுமே தெரிந்திருந்தது. அதன் பிரதி 1961இல்தான் பிராகில் கண்டெடுக்கப்பட்டது. இன்று செல்லோ பயிலும் எவரும் தவிர்க்க முடியாத இந்தப் படைப்பை ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் உலகம் கேட்கவே இல்லை. கடைசிப் பகுதியில் மொத்தக் குழுவும் துள்ளி ஓடிக்கொண்டிருக்கும்போது, தனிச் செல்லோ ஒரே நீண்ட சுரத்தைப் பிடித்தபடி உள்ளே நுழைகிறது. கண்டக்டர் இல்லாத குழுவில் அந்தச் சுரம் எப்போது விரிந்து பாய்ச்சலாக மாறுகிறது என்பதை 23 பேரும் செல்லோக்காரரின் வலது தோளைப் பார்த்தே அறிய வேண்டும். நீங்களும் அந்தத் தோளையே பாருங்கள்.

‘நான்கு பருவங்கள்’ மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. 1725இல் அச்சேறிய அந்தக் கன்செர்ட்டோக்களுக்கு நல்ல ஒலிப்பதிவுகள் ஏராளமாக இருப்பதால், மூன்றே மாலைகள் உள்ளவர் அதைத் தள்ளிவைக்கலாம் என்பதுதான் என் எண்ணம். போவதாக இருந்தால், வசந்தத்தின் இரண்டாம் பகுதியில் வயோலாக்களைக் கவனியுங்கள். தனி வயலின் ஆடு மேய்ப்பவனின் உறக்கத்தையும் மற்ற வயலின்கள் இலைகளின் சலசலப்பையும் காட்ட, வயோலா மட்டும் குரைக்கும் நாயாக வருகிறது. மற்றவர்கள் எல்லோரும் மெல்ல வாசிக்கையில் வயோலாவை மட்டும் உரக்க வாசிக்கும்படி விவால்டியே எழுதி வைத்திருக்கிறார். ஒலிப்பதிவுகளில் பலர் அதை அடக்கி வாசித்துவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம்.

மந்தர ஸ்தாயி எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் அளவுகோலை நான் முழுமனதாக ஏற்கிறேன். அதே அளவுகோலை முதல் கச்சேரிக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். சாய்கோவ்ஸ்கி 1880இல் செரினேடை எழுதியபோது, தந்தி வாத்தியக்காரர்களின் எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அது தம் விருப்பத்தோடு ஒத்துப்போகும் என்று ஸ்கோர் எனப்படும் இசைக்குறிப்பேட்டிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ஆகவே அந்த மாலையின் முக்கிய உருப்படியைப் பொறுத்தவரை, எழுதியவரே பெரிய குழுவைத்தான் கேட்டிருக்கிறார். மறுபுறம், பாக்கின் மூன்றாம் பிராண்டன்பர்க் மூன்று வயலின், மூன்று வயோலா, மூன்று செல்லோ, கீழே பாஸ் என்று ஆளுக்கு ஒரு வரியாக நெய்யப்பட்டது. ஒரு சொற்றொடர் மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கைமாறிக் கைமாறிப் போவதைக் கண்ணால் தொடரலாம். அதற்காக மட்டும் முதல் கச்சேரிக்குப் போகலாமா என்றால், நான்காவதை விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்பேன்.

நான்காவது கச்சேரியின் வரிசையை அமைத்தவர் ஆழ்ந்து யோசித்திருக்கிறார். பிரிட்டன் 1976 டிசம்பரில் மறைந்தார். அவருடைய இசையின் தூய்மையை அண்மையில்தான் உணரத் தொடங்கியிருந்த பேர்ட், அவர் நினைவாக 1977இல் ‘கேன்டஸ்’ எழுதினார். ஒரு மணியும் தந்திகளும் மட்டுமே. எல்லாத் தந்திகளும் ஏ மைனரின் சுரவரிசையில் மேலிருந்து கீழே இறங்குகின்றன, வேறொன்றும் நடப்பதில்லை. ஆனால் முதல் வயலின்கள் ஒரு வேகத்திலும், இரண்டாம் வயலின்கள் அதில் பாதி வேகத்திலும், வயோலாக்கள் அதிலும் பாதியிலுமாகச் செல்லோ, டபுள் பாஸ் வரை ஒவ்வொரு குரலும் மேலே உள்ளதைவிட இருமடங்கு நிதானமாக இறங்குகிறது. முடிவில் ஒவ்வொன்றும் தனக்குரிய சுரத்தில் போய்த் தங்கி அங்கேயே நிற்கிறது. ஆறேழு நிமிடங்களில் முடிந்துவிடும் இதைத் தொடர்ந்து, அதே பிரிட்டன் தாம் சிறுவனாக இருந்தபோது எழுதிய மெட்டுகளைக் கொண்டு இருபதாம் வயதில், 1934இல், அமைத்த ‘சிம்பிள் சிம்பொனி’ வருகிறது. அதன் இரண்டாம் பகுதி முழுவதும் வில்லைத் தொடாமல் விரலால் மட்டுமே தந்திகளைச் சுண்டி வாசிக்கப்படும். இரங்கல் இசை முடிந்த கையோடு, இரங்கப்பட்டவரின் பிள்ளைப் பிராயம் மேடைக்கு வருகிறது என்பதை நினைக்கும்போதே எனக்கு மனம் நெகிழ்கிறது.

பிறகு ஷோஸ்டகோவிச். இது நான்கு தந்தி வாத்தியங்களுக்கான அவருடைய எட்டாம் ஸ்ட்ரிங் குவார்டெட்டை ருடால்ஃப் பார்ஷாய் தந்தி ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்த வடிவம். குவார்டெட் 1960 ஜூலையில், டிரெஸ்டனுக்கு அருகில் உள்ள கோரிஷில், மூன்றே நாட்களில் எழுதப்பட்டது. தம் பெயரின் எழுத்துகளை (ஜெர்மன் முறையில் டி, எஸ், சி, ஹெச்) டி, ஈ ஃப்ளாட், சி, பி என்று நான்கு சுரங்களாக்கி, அதை ஐந்து பகுதிகளிலும் விடாமல் கையொப்பம்போல் பதித்திருக்கிறார். நான்காம் பகுதியில் நீண்டு இழையும் ஒற்றைச் சுரத்தின்மேல் மூன்று அடிகள் கதவை இடிப்பதுபோல் விழும். நான்கு பேர் வாசிக்கும்போது அது ஒரு வீட்டுக் கதவு. 23 பேர் வாசிக்கும்போது தெருவில் உள்ள கதவுகள் எல்லாம் அதிர்வதாக எனக்குத் தோன்றும். குவார்டெட் வடிவத்தை மட்டும் முன்கூட்டியே ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். மற்றவற்றைக் கேட்காமல் போனாலும் பாதகமில்லை.

புதுச்செவி எழுதியது:

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. இரண்டாவதையும் நான்காவதையும் உறுதி செய்துவிட்டேன். நாற்காலிக் கால்களில் துணி சுற்றிய செய்தியைப் படித்த பிறகு, அந்தச் சிம்பொனியை நேரில் பார்க்காமல் இருக்க முடியாது. மூன்றாவது இடத்துக்கு ஐந்தா ஆறா என்பதுதான் மிச்சம். ‘எரோயிகா’வைப் பற்றிய என் அச்சம் நியாயமானதா என்பதை யாராவது சொல்ல வேண்டும். சேம்பர் ஆர்கெஸ்ட்ரா அதை எடுத்துக்கொள்வது ஒரு சமாதான ஏற்பாடுதானா?

பழைய நிரல் எழுதியது:

ஐயா, அச்சம் இயல்பானதுதான். ஆனால் நிலைமை நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறானது. ‘எரோயிகா’ முதன்முதலில் ஒலித்தது 1804இல் இளவரசர் லோப்கோவிட்ஸின் வியன்னா மாளிகையில், அவர் வைத்திருந்த சிறிய குழுவின் வாசிப்பில்தான். பொதுமக்கள் முன்னால் அது அரங்கேறியது 1805 ஏப்ரலில். ஆகவே உங்கள் குழு பெரிய படைப்பைச் சுருக்குகிறது என்பதைவிட, பிற்காலத்தில் பருத்துப்போன உருவை அதன் முதல் மேனிக்குத் திருப்பிக்கொண்டுவருகிறது என்பதே பொருத்தம். கணக்கையும் பாருங்கள். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன், டிரம்பெட் ஆகியவை இரண்டிரண்டு, ஹார்ன் வழக்கத்துக்கு மாறாக மூன்று, டிம்பனிக்கு ஒருவர்; இவர்கள் 14 பேர். தந்திகள் 23ஐச் சேர்த்தால் மேடையில் 37 பேர். தந்திகள் அறுபது பேராக இருக்கும்போது கிளாரினெட்டும் பஸூனும் அலைக்கு மேலே தலைகாட்டும் நீச்சல்காரர்கள்போல் இருப்பார்கள். இங்கே அவர்கள் தந்திகளுக்குச் சமமாக நின்று பேசுவார்கள். மூன்றாம் பகுதியின் நடுவில் மூன்று ஹார்ன்களும் தனித்து வேட்டை முழக்கம் எழுப்பும் இடத்தில் அரங்கமே அவர்கள் வசமாகிவிடும்.

அதைவிட முக்கியமானது அந்த மாலையின் முதல் பாதி. ‘மெட்டமார்ஃபோசன்’ 23 தனித் தந்திகளுக்கு எழுதப்பட்டது: பத்து வயலின், ஐந்து வயோலா, ஐந்து செல்லோ, மூன்று டபுள் பாஸ். உங்கள் குழுவின் எண்ணிக்கையும் அதுவே என்பது தற்செயல் அல்ல என்று எண்ணுகிறேன். இருபத்து மூன்று பேருக்கும் தனித்தனி வரி உண்டு. பக்கத்தில் இருப்பவரின் வாசிப்பில் சாய்ந்துகொள்ளும் வசதி எவருக்கும் கிடையாது. மூனிக்கில் தாம் வளர்ந்த ஓப்பரா அரங்கம் 1943இல் குண்டுவீச்சில் அழிந்ததும், 1945இன் தொடக்கத்தில் டிரெஸ்டனும் வியன்னா ஓப்பராவும் அதே கதிக்கு உள்ளானதும் எண்பது வயதைக் கடந்திருந்த ஸ்ட்ராஸை உடைத்துப்போட்டன. 1945 ஏப்ரலில், போர் முடிய ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், இதை எழுதி முடித்தார். முதல் அரங்கேற்றம் 1946 ஜனவரியில் ஜூரிக்கில், இதை எழுதக் கேட்டுக்கொண்ட பவுல் சாக்கரின் தலைமையில் நடந்தது.

ஏறக்குறைய அரைமணி நேரம் ஓடும் அந்த இசையின் கடைசிச் சில தாள அளவுகளில், செல்லோக்களும் பாஸ்களும் ‘எரோயிகா’வின் இரண்டாம் பகுதியான இரங்கல் நடையின் மெட்டை அப்படியே வாசிக்கின்றன. ஸ்கோரில் அந்த இடத்தில் ‘நினைவாக’ என்னும் பொருள்படும் லத்தீன் சொற்களை ஸ்ட்ராஸ் எழுதியிருக்கிறார். தொடக்கத்திலிருந்தே அந்த மெட்டின் ஒரு துணுக்கு வயோலாக்களிடமும் வயலின்களிடமும் தலைகாட்டிக்கொண்டே இருந்திருக்கும். நாம் அதை யாருடையது என்று அறியாமலே கேட்டிருப்போம். இடைவேளைக்குப் பிறகு பீத்தோவனின் இரங்கல் நடை தொடங்கும்போது, எதிரொலியை முதலில் கேட்டுவிட்டுக் குரலைப் பிறகு கேட்கும் நிலையில் நீங்கள் இருப்பீர்கள். இந்த இரண்டையும் ஒரே மாலையில் வைக்கும் வாய்ப்பைத் தவறவிட வேண்டாம்.

ஐந்தாவதைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்லாததால் ஒரு சொல். ‘சீக்ஃபிரீட் இடில்’ 1870 கிறிஸ்துமஸ் காலையில், வாக்னரின் மனைவி கோசிமாவின் பிறந்தநாள் பரிசாக, டிரிப்ஷன் வீட்டு மாடிப்படிகளில் சிறு குழு ஒன்று நின்று வாசித்த இசை. ‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’ 1944இல் மார்த்தா கிரகாமின் நடனத்துக்காக 13 வாத்தியங்களுக்கு எழுதப்பட்டது. பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கான வடிவம் பின்னால் வந்தது. அந்த மாலை ஓய்வாக இருந்தால் எப்படியாவது போங்கள். மூன்றில் ஒன்றைக் கழித்துவிட்டுப் போக வேண்டாம்.

புதுச்செவி எழுதியது:

தெளிந்தேன். இரண்டு, நான்கு, ஆறு. எந்த இருக்கை என்பதை மட்டும் சொன்னால் இன்றே வாங்கிவிடுவேன்.

நான்காம் ஸ்டாண்ட் எழுதியது:

மூன்று மாலைகளுக்கும் ஒரே இருக்கையை எடுக்காதீர்கள். ஹைடனுக்கு ஐந்தாம் ஆறாம் வரிசையில், நடுவிலிருந்து சற்று விலகி உட்காருங்கள். முதல் வயலின் கலைஞர் தொடங்குமுன் மூச்சை இழுப்பதையும், அதே கணத்தில் குழு முழுவதும் மூச்சிழுப்பதையும் அங்கிருந்து காணலாம். கண்டக்டர் இல்லாத குழுவில் கோலின் வேலையைச் செய்வது அந்த மூச்சுதான். ‘மெட்டமார்ஃபோசன்’ நாளில் மாடியின் முன்வரிசை நல்லது. 23 வில்களும் வெவ்வேறு திசையில் போவதையும், எங்கோ ஓரிடத்தில் திடீரென்று நான்கைந்து வில்கள் ஒன்றுசேர்வதையும் மேலிருந்து பார்த்தால்தான் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது புரியும்.

நான்காவது கச்சேரிக்கு இருக்கை எதுவானாலும் சரி. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘கேன்டஸ்’ முடியும்போது தந்திகள் அனைத்தும் ஒரே சுரக்கூட்டில் உரக்க நின்றுகொண்டிருக்கையில், மணி ஒருமுறை மிக மென்மையாக அடிக்கப்படும். அந்த அடி உங்களுக்குக் கேட்காது. தந்திகள் சட்டென்று நின்றதும், அதற்கு முன்பே ஒலித்துக்கொண்டிருந்த மணியின் ரீங்காரம் மட்டும் வெளிப்படும். வில்கள் இறங்கிவிட்டன என்பதைக் கண்டு அரங்கில் யாராவது கைதட்டத் தொடங்கக்கூடும். நீங்கள் மணி அடித்தவரின் கையைப் பாருங்கள். அது மணியைத் தொட்டு அடக்கும்வரை அல்லது கீழே தாழும்வரை இசை முடியவில்லை.